ஒரே சஹன், ஒரே தொடர்

உயர்தர வகுப்பில் இடைவேளைக்குப் பேசப்படும் விடயங்களில் பாதி சாப்பாடு, மீதி தொலைக்காட்சித் தொடர். இரண்டையும் ஒன்றாக்கி ஒரு தோழி கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "வீட்டில எந்தத் தொடர் பார்க்கக்குள்ள என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள். ஒருத்தி கிரிக்கெட் போட்டிக்குக் கொத்து ரொட்டி என்றாள். இன்னொருத்தி கொரிய நாடகத்துக்கு நூடுல்ஸ் என்றாள்; நாடகத்தில் வருபவர்களும் அதைத்தான் சாப்பிடுகிறார்களாம். என் முறை வந்தபோது, "எர்துருல் பார்த்துக்கொண்டு அரிசி மாப் பாஸ்தா" என்றேன். வகுப்பே சிரித்தது. சாப்பாடு இத்தாலி, தொடர் துருக்கி, உட்காருவது கற்பிட்டிப் பாயில். இதில் எது எதற்குப் பொருத்தம் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

சாப்பாட்டுக்கும் தொடருக்கும் பொருத்தம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நாட்டைப் பார்க்கிறார்கள். கொரியாவுக்குக் கொரியா, இந்தியாவுக்கு இந்தியா. எனக்கு அந்தக் கணக்குப் பிடிப்பதில்லை. தொலைக்காட்சிக்கு முன்னால் எந்தச் சாப்பாட்டை வைப்பது என்று முடிவெடுக்கும்போது, பாயில் உட்கார்ந்திருப்பவர்களில் மற்றவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட முடியாதவர் யார் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அவருக்கு எது ஆகுமோ அதை எல்லோருக்குமாகச் சமைக்க வேண்டும். என் கருத்து இவ்வளவுதான். ஆனால் இந்த இடத்துக்கு வந்து சேர எங்கள் வீட்டுக்கு ஒன்றரை வருடம் எடுத்தது.

எங்கள் வீட்டில் சாப்பிட முடியாதவர் என் தம்பி. வயது ஒன்பது. ஏழு வயதுவரை அவன் வயிறு ஊதிக்கொண்டும் கை கால் மெலிந்தும் இருந்தான். பூச்சி மருந்து கொடுத்தோம், ஓதிப் பார்த்தோம், சத்து மா கரைத்துக் கொடுத்தோம். அந்தச் சத்து மாவிலும் கோதுமை இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கடைசியில் கொழும்பில் ஒரு வைத்தியர் இரத்தப் பரிசோதனை செய்து, பிறகு சிறுகுடலில் ஒரு சிறு துணுக்கு எடுத்துப் பார்த்து, சீலியாக் நோய் என்றார். கோதுமையிலும் பார்லியிலும் ரை தானியத்திலும் குளுட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் இவன் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்கும். சாப்பாட்டுச் சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல்கள் போன்ற அமைப்புகள் தேய்ந்துபோகும். மாத்திரை கிடையாது. ஆயுள் முழுக்க அந்தத் தானியங்களை விலக்குவது ஒன்றே மருந்து.

இந்த நோய்க்கும் பாணுக்கும் உள்ள தொடர்பை உலகுக்குக் காட்டியவர் வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை வைத்தியர். இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944-45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் கடும் பஞ்சம். பாண் கிடைக்கவில்லை. ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது இந்த நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். போர் முடிந்து பாண் திரும்பி வந்ததும் மறுபடி படுத்துவிட்டார்கள். முன்பே கோதுமைமேல் சந்தேகம் கொண்டிருந்த டிக்கே, 1950இல் தன் ஆய்வில் அதை நிறுவினார். பஞ்சத்தில் தேறிய பிள்ளைகள் என்று வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உம்மாவுக்குச் சொன்னேன். "அப்ப நாங்க ஊட்டி ஊட்டித்தான் புள்ளய நோகடிச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

கோதுமை மாவை விலக்குவது சோறு தின்னும் நாட்டில் பெரிய காரியமா என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கோதுமை நம் நாட்டில் விளைகிற பயிர் அல்ல, கப்பலில் வருகிறது. 1980இல் திருகோணமலையில் பிரீமா மா ஆலை இயங்கத் தொடங்கிய பிறகு அது மூலை முடுக்குக் கடைக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. காலையில் பாண், மாலையில் ரோல்ஸ், இரவில் கொத்து. நோன்புக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேரீச்சம்பழமும் அரிசிக் கஞ்சியும் தம்பிக்கு ஆகும். சமோசா ஆகாது, ரோல்ஸ் ஆகாது, மேலே பாண் தூள் போட்டிருப்பதால் கட்லட்டும் ஆகாது. ரவையும் கோதுமைதான். சோயா சோஸில் கோதுமை இருக்கும். கடையில் வாங்கும் பெருங்காயத் தூளில்கூடப் பல நேரம் கோதுமை மா கலந்திருக்கும்.

எங்களை முழுதாக ஏமாற்றியது இடியப்பம். இடியப்பம் என்றால் அரிசி என்று கண்ணை மூடிக்கொண்டு கடையில் வாங்கிக் கொடுத்தோம். வெள்ளை வெளேரென்று மெதுவாக இருக்கும் கடை இடியப்பத்தில் அவித்த கோதுமை மா சேர்ப்பது நம் நாட்டில் சாதாரண வழக்கம். தம்பி மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோதுதான் கடைக்காரரிடம் போய்க் கேட்டோம். அவர் ஒளிக்கவில்லை. "எல்லாரும் போடுறதுதானே" என்றார்.

1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி பி.பி.சி. தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சியில், சுவிட்சர்லாந்தில் பெண்கள் மரங்களிலிருந்து ஸ்பகெட்டி பறிப்பதைக் காட்டினார்களாம். முட்டாள்கள் தினப் பகிடி. அதை நம்பி, அந்த மரத்தை எப்படி நடுவது என்று கேட்டுத் தொலைபேசி எடுத்தவர்களும் இருந்தார்கள். இதை வாசித்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு நினைத்துப் பார்த்தேன். பிறந்தது முதல் தின்னும் இடியப்பத்துக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் இருந்த நான் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

நோய் தெரிந்த பிறகு எங்கள் வீட்டில் தம்பிக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை, தனிப் பீங்கான் வந்தன. அவனைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தோம். கோதுமை நூடுல்ஸ் வடித்த வடியில் அவன் சாப்பாட்டை வடித்தால் போதும், வருத்தம் வந்துவிடும். ஆனால் இரவுச் சாப்பாட்டில் வேறொன்றும் நடந்தது. நாங்கள் ரொட்டியோ பாணோ சாப்பிடும் நாட்களில் அவனுக்குச் சோறு. பாயில் எங்களோடு இருந்தால் எங்கள் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பான், சில நேரம் கையையும் நீட்டிவிடுவான். அதனால் உம்மா அவனைப் பீங்கானோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காரவைத்து கார்ட்டூன் போட்டுவிடுவார். அவன் சத்தமில்லாமல் சாப்பிட்டு முடிப்பான். எல்லோருக்கும் நிம்மதி. அப்படியே ஒரு வருடம் போனது. அவன் தனியாகச் சாப்பிடுகிறான் என்பதே எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. தொலைக்காட்சிதான் அவனோடு இருந்ததே.

தெரிய வந்தது ஒரு கல்யாண வீட்டில். சஹன் வைத்தார்கள். நமக்குத் தெரிந்ததுதான், ஒரு பெரிய தட்டில் சோறு, சுற்றி ஆறு பேர். புரியாணிச் சோற்றில் கோதுமை இல்லை. ஆனால் அதே சஹனில் மா தோய்த்துப் பொரித்த கோழி இருந்தது, ஆறு கைகளும் இரண்டிலும் போய் வரும். ஆகவே உம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து அவனை ஒரு கதிரையில் உட்காரவைத்தார். அவன் வயதுப் பிள்ளைகள் ஆறு பேர் ஒரு சஹனில் கோழிக் காலுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் டப்பாவை மூடி உம்மாவின் மடியில் வைத்துவிட்டுக் கேட்டது இதுதான்: "இங்க டிவி இல்லையா?"

அதற்குப் பிறகு நான் இந்த விடயத்தைத் தேடித் தேடி வாசித்தேன். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதை ஒரு வியாபாரமாக்கியவர்கள் அமெரிக்கர்கள். 1950களின் நடுப்பகுதியில் ஸ்வான்சன் என்ற நிறுவனம் 'டிவி டின்னர்' என்ற பெயரில் உறைந்த சாப்பாட்டை விற்றது. அலுமினியத் தட்டு, அதில் தனித்தனி அறைகள். ஓர் அறையில் வான்கோழி இறைச்சி, ஓர் அறையில் பட்டாணி, ஓர் அறையில் வற்றாளங்கிழங்கு. சூடாக்கி ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டியதுதான். கழுவும் வேலை இல்லை, காத்திருக்கும் வேலை இல்லை, பக்கத்தில் இருப்பவருக்குப் பங்கு கொடுக்கும் வேலையும் இல்லை. சஹனுக்கு நேர் எதிர் எது என்று யாராவது கேட்டால் நான் அந்தத் தட்டைத்தான் காட்டுவேன். நாங்கள் தம்பிக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததும் அந்தத் தட்டைத்தான், அலுமினியத்துக்குப் பதில் பீங்கான்.

இனிப் பாஸ்தா எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். புத்தளம் மாவட்டக் கரையோரத்துக்கும் இத்தாலிக்கும் உள்ள உறவு இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும். தெற்கே வென்னப்புவ, மாரவில பக்கம் போனால் ஒவ்வொரு வீதியிலும் யாராவது ஒருவர் இத்தாலியில் வேலை செய்பவராக இருப்பார். வென்னப்புவைக்குக் 'குட்டி இத்தாலி' என்றே பெயர். எங்கள் வாப்பா கருவாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வீடு ஒன்று அந்தப் பக்கம் இருக்கிறது. அந்த வீட்டு அன்ரி பதினைந்து வருடம் இத்தாலியில் வயதானவர்களைப் பராமரித்துவிட்டு வந்தவர். தம்பியின் கதையைக் கேட்டுவிட்டு, அங்கே அவர் பார்த்துக்கொண்ட ஒரு பாட்டிக்கும் இதே நோய் என்று சொல்லி, மேசைக்கு அரிசி மாப் பாஸ்தா இரண்டு பைக்கற்றும் ஒரு செய்முறையும் கொடுத்து அனுப்பினார். செய்முறையைச் சிங்களத்தில் சொல்ல வாப்பா தமிழில் எழுதிக்கொண்டு வந்தார். அதன் பெயர் ஆலியோ எ ஓலியோ. உள்ளியும் எண்ணெயும் என்று பொருள். நேப்பிள்ஸ் பக்கத்து எளிய மக்களின் சாப்பாடு. உள்ளி, ஒலிவ் எண்ணெய், செத்தல் மிளகாய், உப்பு, பாஸ்தா. வேறெதுவும் வேண்டாம்.

அந்தப் பட்டியலை உம்மா இரண்டு தரம் படித்தார். இறைச்சி இல்லை, வைன் இல்லை, சீஸ் இல்லை. இத்தாலிச் சீஸ் சிலவற்றில் கன்றின் வயிற்று நொதி சேர்ப்பதால் ஹலாலா என்ற கேள்வி வரும். இதில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. "இது உள்ளிச் சம்பல் போட்டுப் பிரட்டின இடியப்பம்தானே" என்று உம்மம்மா தீர்ப்புச் சொன்னார். அவர் சொன்னது பெரிய பிழையில்லை.

இரண்டு பைக்கற்றும் முடிந்த பிறகு பிரச்சினை. வெளிநாட்டு அரிசிப் பாஸ்தாவின் விலைக்கு ஒரு கிலோ இறால் வாங்கலாம். அப்போதுதான் இடியப்ப உரலை எடுத்தோம். புது உரல். பழையதன் துளைகளில் எந்தக் காலத்துக் கோதுமை மா ஒட்டியிருக்கிறதோ தெரியாதே. கோதுமை மாவில் தண்ணீர் பட்டுப் பிசைந்ததும் குளுட்டன் இழுவையாகி மாவைப் பிடித்துக்கொள்ளும். அரிசியில் அந்தப் பிடி இல்லை. அதனால்தான் நம் பெண்கள் காலகாலமாக இடியப்ப மாவுக்குக் கொதிநீர் ஊற்றுகிறார்கள். சூட்டில் மாச்சத்து வெந்து பசையாகி, அந்தப் பசை குளுட்டன் செய்யும் வேலையைக் கொஞ்சம் செய்கிறது. குளுட்டன் இல்லாத பாஸ்தா செய்யும் தொழிற்சாலைகளும் இதே உபாயத்தைத்தான் இயந்திரத்தில் செய்கின்றன. உயர்தர இரசாயனவியலில் இதைப் படிக்கும்போது உம்மம்மாவின் கையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் ஆறு பேர். முக்கால் கிலோ வறுத்த அரிசி மா, உப்பு, கொதிநீர். இடியப்ப அச்சு வேண்டாம், அதைவிடத் துளை பெரிய முறுக்கு அச்சைப் போட்டுத் தட்டில் பிழிந்து அவிக்க வேண்டும். அவிந்ததும் உடனே தொடக் கூடாது, ஆறவிட்டால் தான் நூல் இறுகும். தாச்சியில் ஒலிவ் எண்ணெயை ஊற்றி, எண்ணெய் சூடாகும் முன்பே மெல்லியதாக வெட்டிய இரண்டு முழு உள்ளியைப் போட்டு, சின்ன நெருப்பில் வைக்க வேண்டும். உள்ளி பொன்னிறத்துக்கு வரும் முன் நான்கு செத்தல் மிளகாயைக் கிள்ளிப் போட்டு இறக்க வேண்டும். உள்ளி கறுத்தால் கசக்கும், அந்தத் தாச்சியைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி. இத்தாலியர்கள் பாஸ்தா அவித்த தண்ணீரில் கொஞ்சம் ஊற்றிப் பிரட்டுவார்கள். மாச்சத்துள்ள அந்தத் தண்ணீர்தான் எண்ணெயை நூலோடு ஒட்டவைக்கும். நாங்கள் ஆவியில் அவிப்பதால் அந்தத் தண்ணீர் இல்லை. பகலில் சோறு வடித்த கஞ்சியில் ஒரு கோப்பை எடுத்து வைத்துக்கொள்கிறோம். அருமையாக ஒட்டுகிறது.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. ஸைத்தூன் எண்ணெய் நம் வீடுகளில் இருக்கும், தலைக்கும் உடம்புக்கும் தேய்க்க. அதைத் தாச்சியில் ஊற்றிவிடாதீர்கள், சமையலுக்குரியது வேறு. விலை கூட என்று ஒரு நாள் தேங்காயெண்ணெயில் செய்து பார்த்தோம். சாப்பிட நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது வேறு சாப்பாடு. உள்ளதைச் சொன்னால், எங்கள் பாஸ்தாவும் இத்தாலிப் பாஸ்தா அல்ல. பல்லுக்கு அந்த இறுக்கம் கிடைக்காது. காய்ந்த பாஸ்தாவைத் துரம் கோதுமை ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967இல் இத்தாலி சட்டமே போட்டது. அந்த நாட்டுக்காரர் எங்கள் தாச்சியைப் பார்த்தால் வழக்குப் போடுவார்.

இப்போது தொடர். சனிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டில் 'திரிலிஷ் எர்துருல்' ஓடும். 2014 முதல் 2019 வரை துருக்கி அரச தொலைக்காட்சியில் வந்தது, 5 பருவங்கள், 150 பகுதிகள். துருக்கியில் ஒரு பகுதி ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். இணையத்தில் அதைச் சிறு துண்டுகளாக்கிப் போட்டிருக்கிறார்கள், ஒரு துண்டு முக்கால் மணித்தியாலம் வரும். பேச்சு துருக்கி மொழி, கீழே ஆங்கில எழுத்து. உம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆகவே நான் வாய்விட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். இந்த நிலையில் என்ன சாப்பிட முடியும்? நாங்கள் கடற்கரை ஆட்கள். இரவில் சாளையோ சூடையோ இல்லாமல் இராது. முள்ளுள்ள மீனைத் தின்றுகொண்டு திரையில் எழுத்து வாசிக்க முடியாது. ஒரு தரம் வாப்பா முயன்று பார்த்து, சண்டைக் காட்சியின் நடுவே தொண்டையில் முள் சிக்கி, சோற்று உருண்டை விழுங்கிக் கரை சேர்ந்தார். சொதியும் சரிவராது, பாயில் சிந்தும். உள்ளிப் பாஸ்தாவில் முள் இல்லை, எலும்பு இல்லை, குழம்பு இல்லை. கண் திரையில் இருக்கக் கை தானாக எடுத்து வரும். கையாலா என்று முகம் சுளிக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் தெருக்களில் மக்கள் மெக்கரோனியைக் கையால் தூக்கி அண்ணாந்து வாயில் போட்டுத்தான் சாப்பிட்டார்கள், அதன் பழைய படங்கள் நிறைய இருக்கின்றன. தக்காளி சோஸ் போடாததற்கும் ஒரு காரணம் உண்டு. எர்துருலில் அடிக்கடி வாள் சுழலும். அந்த நேரத்தில் சஹனில் சிவப்பாக எதுவும் இருப்பதை உம்மா விரும்புவதில்லை.

தோழிகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். துருக்கித் தொடருக்கு இத்தாலிச் சாப்பாடு எப்படிப் பொருந்தும்? பாஸ்தாவின் பழைய கதையைப் பார்த்தால் அது அவ்வளவு தூரம் இல்லை. அல் இத்ரீஸி என்ற முஸ்லிம் புவியியல் அறிஞர் சிசிலி மன்னர் ரோஜருக்காக எழுதி 1154இல் முடித்த நூலில், பலர்மோவுக்குப் பக்கத்தில் டிராபியா என்ற ஊரைப் பற்றிச் சொல்கிறார். அங்கே 'இத்ரிய்யா' என்ற நூல் போன்ற மாப் பண்டத்தைப் பெருமளவில் செய்து, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பலில் அனுப்பினார்களாம். சிசிலியில் முஸ்லிம்களின் ஆட்சி முடிந்து நூறு வருடம்கூட ஆகாத காலம் அது. அந்த அறபுச் சொல் 'த்ரியா' என்று இன்றும் தென் இத்தாலியில் ஒரு பாஸ்தாவின் பெயராக இருக்கிறது. எர்துருலின் காலம் 13ஆம் நூற்றாண்டு. ஆகவே அவர் பிறப்பதற்கு முன்பே இந்த நூல் சாப்பாடு முஸ்லிம்களின் கடல்வழிகளில் போய் வந்துகொண்டிருந்தது. மொரோக்கோவில் புறப்பட்ட இப்னு பதூதா 1344இல் நம் புத்தளத்தில் வந்து இறங்கினாரே, அந்த வழிகள் நம் கரையையும் தொட்டவைதான். மிளகாய் மட்டும் பொருந்தாது. அது அமெரிக்காவிலிருந்து பின்னால் வந்தது, எர்துருல் அதைக் கண்ணால் கண்டிருக்கவே முடியாது. தொடரும் முழுக்க வரலாறு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். எர்துருலைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும், மீதி எழுதியவர்களின் கற்பனை.

ஆனால் நான் அந்தத் தொடரைத் தெரிவு செய்த காரணம் அறபுச் சொல் அல்ல. அதில் கூடாரத்துக்குள் எல்லோரும் தரையில் ஒரு வட்டத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் காட்சிகள் வரும். முதலாம் பருவத்தில் அப்படியொரு காட்சியைப் பார்த்துத் தம்பி எழுந்து நின்று கத்தினான்: "உம்மா, சஹன்!" அன்று அவன் கையில் தனிப் பீங்கான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை நாங்கள் அலமாரியின் மேலே கிடந்த பெரிய சஹனை இறக்கித் தேய்த்துக் கழுவி, உள்ளிப் பாஸ்தாவை அதில் கொட்டி நடுவில் வைத்தோம். ஆறு பேருக்கும் அதுதான், வேறு சாப்பாடு அடுப்பில் இல்லை. பிஸ்மி சொல்லி எல்லோரும் கை வைத்தோம். அவன் தன் முன்னால் இருந்ததை விட்டு என் பக்கத்து உள்ளியையெல்லாம் பொறுக்கினான். வழக்கமாக அதற்கு ஒரு தட்டு விழும். அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கு மறுப்புகள் வரும், எங்கள் குடும்பத்துக்குள்ளேயே வந்தன. சாப்பிடும்போது தொலைக்காட்சி எதற்கு என்று வாப்பா கேட்டார். நியாயமான கேள்வி. பேசாமல், அளவு தெரியாமல், அல்ஹம்துலில்லாஹ் சொல்லவும் மறந்து தின்னும் பழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. வாரத்தில் ஆறு நாளும் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் அது அணைந்தே இருக்கிறது, இப்போது கார்ட்டூனும் கிடையாது. ஆனால் ஏழாம் நாளை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு திரையை ஆறு பேர் ஒன்றாகப் பார்த்து, ஒருவர் மொழிபெயர்த்து, ஒருவர் வில்லனுக்குச் சாபம் போட்டு (உம்மம்மாதான்), ஒரே தட்டில் கை வைப்பதும், ஒரு பிள்ளையை அடக்க ஒரு திரையை ஓடவிடுவதும் ஒன்றல்ல.

"ஒருத்தனுக்காக வீட்டுல எல்லாரும் ஏன் பத்தியம் இருக்கணும்?" என்று மாமி கேட்டார். பத்தியம் என்ற சொல்லே பிழை. கோதுமை வேண்டிய உடம்பு என்று ஒன்று இல்லை. அரிசியும் குரக்கனும் தின்றே நம் முன்னோர் கடலுக்குப் போய் வந்தார்கள். அதோடு இரண்டு சட்டி, இரண்டு வடி, இரண்டு அகப்பை என்று இரட்டை வேலை செய்பவர் மாமி அல்ல, என் உம்மா. எல்லோருக்கும் ஒரே சட்டி என்றான பிறகு சனிக்கிழமைகளில் உம்மாவும் தொடர் தொடங்கும்போதே பாயில் இருக்கிறார். அதற்கு முன் அவர் ஒரு பகுதியையாவது தொடக்கத்திலிருந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. எர்துருலின் தாயார் பெயர் ஹைமே என்பதே அவருக்கு மூன்றாம் பருவத்தில்தான் தெரியவந்தது.

பாஸ்தாவின் தாய்நாடான இத்தாலி 2005இல் 123ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பாடசாலை, வைத்தியசாலை, அரச சாப்பாட்டுக் கூடங்களில் கேட்பவர்களுக்குக் குளுட்டன் இல்லாத சாப்பாடு கொடுக்க வேண்டும் என்கிறது அது. கோதுமையையே பெருமையாகக் கொண்ட நாடு அப்படிச் செய்கிறது. சோறு தின்னும் நமக்கு அது எத்தனையோ மடங்கு இலேசு. கல்யாண வீட்டில் ஒரே ஒரு சஹனில் மா தோய்க்காத கோழியை வைத்து, அதைச் சுற்றி ஐந்து பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்தால் போதும். டப்பா தேவைப்படாது. வட்டிலாப்பத்தில் கோதுமை இல்லை, அதைப் பற்றிய கவலையும் வேண்டாம். பாடசாலை இப்தாரில் கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் ரோல்ஸுக்குப் பதில் ஒரு தட்டு அவித்த கடலை வைக்கலாம். பிள்ளைக்கு வருத்தம் என்று வெளியில் சொல்லக் கூச்சப்படும் தாய்மார் இருக்கிறார்கள், பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் கூடுதலாக. தயவுசெய்து சொல்லுங்கள். சமைப்பவருக்குத் தெரிந்தால்தானே சட்டியை மாற்றுவார். மெலிந்து வயிறு ஊதிய பிள்ளைக்குப் பூச்சி மருந்து மூன்றாம் தரமும் கொடுக்கும் முன், ஒரு வைத்தியரிடம் சீலியாக் என்ற பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை நீங்களாகக் கோதுமையை நிறுத்த வேண்டாம்; நிறுத்திய பிறகு பரிசோதித்தால் நோய் தெரியாமல் போகும்.

போன சனிக்கிழமை ஐந்தாம் பருவத்தைத் தொடங்கினோம். தம்பி இப்போது உரல் பிழியக் கேட்கிறான். கை பலம் காணாது, பாதியில் வாப்பாவிடம் கொடுத்துவிடுவான். ஒன்றரை வருடத்தில் நான்கு கிலோ ஏறியிருக்கிறான். தொடர் முடிந்ததும் என்ன பார்ப்பது என்று வீட்டில் பெரிய விவாதம். உம்மம்மாவுக்குத் தமிழில் ஏதாவது வேண்டுமாம், எனக்குத் தொண்டை வலிக்கிறது என்று நானும் அவர் பக்கம். சாப்பாட்டைப் பற்றி மட்டும் விவாதம் இல்லை. இந்தக் கிழமை உள்ளியோடு இறாலும் போடலாமா என்று தம்பி கேட்டான். கற்பிட்டி இறால்தானே, போடலாம் என்றார் உம்மா.